"டீச்சர், எப்போ பிரசங்கியார் ஆனீங்க?"



போன மாதம் பெண்கள் ஞாயிறன்று நான் பிரசங்க பீடத்தில் நிற்கிற படத்தை என் தம்பி மகள் போட்டாலும் போட்டாள், அன்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. "டீச்சர், எப்போ பிரசங்கியார் ஆனீங்க?" என்று துபாயிலிருந்து ஒருவன். "அங்கேயும் மேப் மாட்டித்தான் பாடம் நடத்துறீங்களா?" என்று ஒருத்தி. இவர்கள் கிண்டலுக்குக் கேட்டவர்கள். ஒருவன் மட்டும் உண்மையாகவே கேட்டிருந்தான். அவனுடைய சபையில் வாலிபர் ஞாயிறுக்கு அவனைப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம், எப்படித் தயாரிப்பது என்று தெரியவில்லையாம். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசியுங்கள். வழக்கம்போல நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாதவள்தானே நான்.

கிறிஸ்தவர் அல்லாத என் பிள்ளைகளுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் மூன்று பாடங்கள் வாசிப்போம். பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, நிருபங்களிலிருந்து ஒன்று, சுவிசேஷத்திலிருந்து ஒன்று. அதற்குப் பிறகு பிரசங்கம். அதற்கும் பிறகு எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம். எந்த ஞாயிறுக்கு எந்தப் பாடம் என்பது முன்கூட்டியே அட்டவணையில் வந்துவிடும். பிரசங்கிக்கிறவர் தனக்குப் பிடித்த பகுதியை எடுத்துக்கொள்ள முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நமக்குப் பிடித்ததையே பேசிக்கொண்டிருந்தால் பத்து வருடத்துக்கும் பத்து அதிகாரம்தான் ஓடும்.

இன்னொன்று. ஒரு ஐயருக்கு (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்) ஒரே ஒரு கோயில் இருப்பதில்லை. பல ஊர்கள் சேர்ந்து ஒரு சேகரம். ஞாயிறு காலையில் அவர் ஒன்றிரண்டு ஊருக்குத்தான் போக முடியும். மற்ற ஊர்களில் சபை ஊழியரோ எங்களைப் போன்ற சாதாரண ஆட்களோதான் நிற்க வேண்டும். என் தாத்தா அப்படி ஊர் ஊராக நடந்த உபதேசியார். ஆகவே ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல் டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆள் இல்லாமல் கேட்டார்கள். சரி என்றேன்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற ஐயர் ஒருவர். இப்போது அவர் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் உட்காருவோம். எட்டு மாதம் நடந்தது. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாளே சொல்லிவிட்டார்: "டீச்சரம்மா, மூணு நாளைக்குப் பேனாவைத் தொடப்படாது. வியாக்கியானப் புத்தகத்தையும் தொடப்படாது. சத்தமா வாசிங்க. வாசிச்சுக்கிட்டே இருங்க." ஒரு பகுதியைப் பதினைந்து, இருபது தடவை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் வாசித்தால் தெரிந்த கதைதானே என்று மனம் ஓடிவிடும். வாயால் வாசித்தால் ஓட முடியாது. வகுப்பில் உங்களை எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைத்தேனே, அதே காரணம்தான்.

அதற்கடுத்து இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். நாம் சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த பழைய வேதாகமம் ஒன்று, 1995-ல் வந்த திருவிவிலியம் ஒன்று. பழையதில் 'ஆயக்காரன்' என்றிருக்கும், புதியதில் 'வரிதண்டுபவர்'. பழையதில் 'நூற்றுக்கு அதிபதி', புதியதில் 'நூற்றுவர் தலைவர்'. 'பரிதானம்' என்றால் லஞ்சம் என்று எங்கள் சபையில் இருபது வயதுக்குக் கீழே எத்தனை பேருக்குத் தெரியும்? ஓசைக்குப் பழையதே எனக்கு அம்மா மடி. ஆனால் அந்த ஓசையில் தாலாட்டுப் போலத் தூங்கிவிடுகிற ஆபத்தும் உண்டு. ஒரு சொல் புரியாமல் நூறு வருடம் நாம் தலையாட்டிக்கொண்டிருக்கலாம்.

பி.எட். படித்தவர்களுக்கு ஹெர்பார்ட்டின் ஐந்து படிகள் நினைவிருக்கும். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்துதல். பாடக்குறிப்பு எழுதி எழுதிக் கை தேய்ந்தவள் நான். பிரசங்கமும் கிட்டத்தட்ட அப்படித்தானே ஐயா என்று கேட்டேன். சிரித்தார். "பாதி அப்படித்தான். ஆனா வகுப்பிலே பிள்ளை எந்திரிச்சு, புரியல டீச்சர்னு சொல்லும். கோயில்ல ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாவ. புரியலன்னாலும் ஆமென்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவாவ. கேட்காத கேள்வி நம்ம காதுல விழணும்."

அதற்கு அவர் வைத்திருந்த வழி எளிது. தாளின் மேல் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்காரப் போகிற ஐந்து பேரின் பெயரை எழுத வேண்டும். பிடித்தவர்கள் மட்டும் இருக்கக் கூடாது. என் தாளில் எப்போதும் பீடி சுற்றுகிற ஒரு அக்கா இருப்பார். முதுகு வலியோடு பனையேற்றத்தை விட்ட ஒரு அண்ணாச்சி. நீட் தேர்வில் இரண்டாம் முறையும் கிடைக்காத ஒரு பிள்ளை. மகன் பேசுவதில்லை என்று யாரிடமும் சொல்லாத ஒரு அம்மா. ஐந்தாவது, என்னைப் பிடிக்காத ஒருவர். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பெயராக எடுத்து, இதில் இவருக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றுமில்லை என்றால் அந்தப் பக்கம் திரும்ப எழுதப்படும்.

அடுத்தது ஒற்றை வாக்கியம். முழுப் பிரசங்கத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். "குழாயடியில குடம் நிறையறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரிட்ட சொல்லி முடிக்கணும். முடியலன்னா உங்களுக்கே இன்னும் தெளியலன்னு அர்த்தம்." இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. இருபது நிமிடம் பேசுவது சுலபம். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆகும்.

உதாரணத்துக்கு, நல்ல சமாரியன் கதை. எல்லாருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவனைக் கள்ளர்கள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியன் விலகிப் போகிறான், சமாரியன் நிற்கிறான். சமூக அறிவியல் டீச்சருக்கு முதலில் கண்ணில் படுவது என்ன? வழிதான். எருசலேம் மலைமேல் இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிற பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், மரமே இல்லாமல், வெறும் பாறையாக. வளைவுக்கு வளைவு ஒளிய இடம். அங்கே நிற்பது பயம்தான். விழுந்து கிடக்கிறவனே கள்ளர்களின் தூண்டிலாகவும் இருக்கலாம். அந்தப் பயத்தோடுதான் சமாரியன் இறங்கினான். விடுதிக்காரனிடம் அவன் கொடுத்த இரண்டு காசு, அந்தக் காலக் கூலியாளுக்கு இரண்டு நாள் சம்பளம். இதைச் சொன்னபோது பீடி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் கூலி என்றால் என்னவென்று கோயிலில் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இங்கே நான் கண்டிப்பாக இருக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வருகிற உதாரணக் கதைகள். கழுகுக்கு நாற்பது வயதானதும் மலைமேல் போய்த் தன் அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தைப் பிடுங்கி, புதிதாக முளைத்த பிறகு இன்னும் முப்பது வருடம் வாழுமாம். எத்தனை கன்வென்ஷனில் கேட்டிருக்கிறோம்! அலகு உடைந்த பறவை பட்டினியில் செத்துப் போகும் பிள்ளைகளே. இன்னொன்று, ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல், ஒட்டகம் முழங்கால் போட்டு அதில் நுழையுமாம். அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்றே கிடையாது. பணக்காரன் பரலோகத்துக்குள் நுழைவது எத்தனை கடினம் என்று இயேசு சொன்னதைக் கேட்டு யாருக்கோ வயிறு கலங்கியிருக்கிறது, வாசலைக் கட்டிவிட்டார்கள். உண்மையைப் பேசப் போகிற இடத்துக்குப் பொய்யைக் கையில் கொண்டுபோகக் கூடாது. வகுப்பில் தப்பான ஆண்டு சொன்னால் மதிப்பெண் போகும். இங்கே போவது அதைவிடப் பெரியது.

மூன்று குறிப்புகள் விஷயத்தில் ஐயரும் நானும் ஒத்துப்போகவில்லை. எல்லாப் பிரசங்கத்துக்கும் மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். அன்பு, அர்ப்பணிப்பு, அபிஷேகம். நினைவில் நிற்கும் என்பார் அவர். நிற்கிறதுதான். ஆனால் எழுத்துக்காகக் கருத்தை இழுத்து வளைக்கிறோம். ஒரு கதைக்கு ஒரே உயிர்தான் இருக்கும். அதை மூன்றாக அறுத்தால் என்ன மிஞ்சும்? "சரி, உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார். மற்ற ஐந்து பேரும் இன்றைக்கும் மூன்று குறிப்புக்காரர்கள்தான். நன்றாகவும் பேசுகிறார்கள்.

சத்தம், மைக், நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைக்கைக் கடிக்காதே, தாளையே பார்க்காதே, பதினெட்டு நிமிடத்தில் இறங்கிவிடு. கரண்ட் போனால் காற்றாடியும் நின்றுவிடும். அப்போது பன்னிரண்டே போதும்.

ஜெர்மனியிலிருந்து 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பற்றி ஏழாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? இந்தியாவில் தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அவருடையது, 1715. அவர் வந்திறங்கியபோது ஒரு சொல் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பேசுவதற்கு முன்னால் அவர்கள் பேச்சைக் கேட்டார், அவர்கள் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் இதைத் தேர்வுக்கான ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் நடத்தினோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த எட்டு மாதமும் எனக்கு அவர் ஞாபகம்தான்.

பெண் பிரசங்கிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் திருச்சபையில் பெண்கள் குருவானவர்களாக இருக்கிறார்கள். 2013-ல் ஆந்திராவில் நந்தியால் பேராயத்துக்கு எகோனி புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே ஆனார், திருச்சபையின் முதல் பெண் பேராயர். ஆனால் நந்தியால் தூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஒரு பெரியவர், நான் பீடத்தில் ஏறினதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடம் அப்படித்தான். நானும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் பெயரும் என் ஐந்தில் இருந்தது. ஒரு நாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். "டீச்சர், குழாய் ஸ்பீக்கர்ல கடைசி அஞ்சு நிமிஷம் இரைச்சல், நீங்க சொன்னது விளங்கல. என்ன சொன்னீங்க?" என்றார். வெயிலில் நின்றே அந்த ஐந்து நிமிடத்தையும் அவருக்குச் சொன்னேன். இப்போதும் மரத்தடியில்தான் உட்காருகிறார். ஸ்பீக்கரை மட்டும் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்.

இனி எழுதப் போவதுதான் எனக்கு முக்கியம்.

மூன்று வருடத்துக்கு முன், என்னிடம் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படித்த ஒரு பையன் நாற்கரச் சாலையில் விபத்தில் இறந்துபோனான். வயது முப்பத்தொன்று. இரண்டு சிறு பிள்ளைகள். உங்களில் சிலருக்கு அவனைத் தெரியும், பெயர் வேண்டாம். அன்று எங்கள் ஐயர் வெளியூரில் இருந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார், ஆனால் வீட்டில் நடக்கிற ஜெபத்தில் வசனம் பேச ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

வீட்டுக்குள் போனதும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "டீச்சர், எம் பிள்ளைய ஏன் எடுத்தாரு? நீங்க படிச்சவிய, சொல்லுங்க." சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். தேவ சித்தம் என்றார் ஒருவர். நல்ல பூவைத்தான் தோட்டக்காரர் பறிப்பார் என்றார் இன்னொருவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் மனைவி எழுந்து உள் அறைக்குப் போய்விட்டாள்.

திண்ணை வகுப்பில் ஐயர் யோபு புத்தகத்தைப் பற்றிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. யோபுவின் நண்பர்கள் வந்தவுடன் ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நான் லாசரு இறந்த வீட்டை எடுத்துக்கொண்டேன். நான்கு நாள் கழித்து இயேசு வருகிறார். நீர் இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று மார்த்தாளும் சொல்கிறாள், மரியாளும் சொல்கிறாள். ஏறக்குறைய சண்டைதான் அது. அப்படிக் கேட்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் அழுதார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அவசரப்படாமல் நின்று அழுதார். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. நீங்க கேட்கலாம். அவர்கிட்டயே கேட்கலாம். அவர் கோவிச்சுக்க மாட்டார்." பிறகு அவனைப் பற்றி இரண்டு விஷயம். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்லி மாட்டிக்கொள்வான். சுற்றுலா போனபோது செருப்பு அறுந்த பிள்ளைக்குத் தன் செருப்பைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க வெறுங்காலில் நடந்தான். மொத்தம் ஆறு நிமிடம். ஜெபம் செய்து உட்கார்ந்தேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சபைப் பெரியவர் ஒருவர் என் கூடவே நடந்து வந்தார். "டீச்சர், வெளி மதத்து ஜனம் எவ்வளவு வந்திருந்தாவ. மனந்திரும்புதலைப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நாளைக்கு நம்ம நிலை என்னன்னு கேட்டிருக்கலாம்லா? நல்ல சந்தர்ப்பத்தை விட்டுட்டீங்க." அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது உண்மையான பாரம். உறவினர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு என்பது தெரியும், இதை வாசிக்கும்போதும் நினைப்பீர்கள். நான் அன்று அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். அண்ணே, அந்த வீட்டில் இன்று ஒரே ஒருத்திக்குத்தான் பிரசங்கம். மற்றவர்கள் எல்லாரும் அவளோடு துக்கத்துக்கு வந்தவர்கள். மகனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் துக்கத்தை நான் இன்னொரு காரியத்துக்கு ஏணியாக்க மாட்டேன். அவருக்கு ஒப்புதல் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு அடக்க ஜெபங்களில் பேச அழைப்பு வரவில்லை.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாவே வந்து நின்றாள். அவள் அக்கா மாப்பிள்ளை இறந்த வீட்டுக்கு என்னைத்தான் கூட்டிவரச் சொன்னாளாம். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போது அவளாகவே சொன்னாள்: "நான் இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் டீச்சர் இருக்கேன். தெனம் ராத்திரி கேட்கேன்." பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன். ஆட்டோக்காரர் பழைய மாணவர்தான், பாட்டுச் சத்தத்தைத் தானே குறைத்துவிட்டார்.

வாலிபர் ஞாயிறுக்குத் தயாராகிற என் பிள்ளைக்கு: உனக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்று எனக்கு எழுது. இணையத்தில் தேடாதே. இன்றைக்கே சத்தமாக வாசிக்க ஆரம்பி. ஐந்து பெயரை எழுதி வை. ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, போதும்.

எனக்கு இந்த முறை வந்திருப்பது நாகமான் கதை, இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். சீரியாவின் படைத்தலைவன், பெரிய மனிதன், தொழுநோய். எல்லாரும் அவன் யோர்தானில் ஏழு தரம் முழுகினதைத்தான் பேசுவோம். எனக்கு நாலு நாளாக அவன் வீட்டில் வேலை செய்த சிறு பெண்ணை விட்டு நகர முடியவில்லை. இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோன பிள்ளை. பெயர்கூட எழுதப்படவில்லை. சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அங்கே போனால் சுகமாகிவிடும் என்று அவள் சொன்ன ஒரு சொல்லில்தான் கதை முழுவதும் ஓடுகிறது. நாகமான் சுகமாகித் திரும்பினான். அந்தப் பிள்ளை தன் ஊருக்குத் திரும்பினாளா என்று வேதம் சொல்லவில்லை. அவளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய் இருந்திருப்பாளே.

ஒற்றை வாக்கியம் இன்னும் அமையவில்லை. நாளைக் காலை குழாயில் தண்ணீர் வரும், பார்க்கிறேன்.